குண்டம்மாவின் கடிகாரம்

சுலேமா கண் விழித்தபோது அறை கும்மிருட்டாக இருந்தது. ஆற்றங்கரை ஊரான டியமாந்தேயில் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னலின் மரப்பலகைகளைக் கடைசிச் சந்து வரை இறக்கிவிட்டுத்தான் படுப்பார்கள். அந்த இருட்டுக்குள் ஒரு மணியும் ஒன்றுதான், ஆறு மணியும் ஒன்றுதான். போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு, மூலையில் இருந்த கணினியின் பொத்தானை அழுத்தினாள். விசிறிகள் உறுமின. கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்தன. மேல் வரி அவள் கணவனுடையது, கீழ் வரி அவளுடையது. கீழ் வரியைத் தேர்ந்தெடுத்தாள். திரை நீலமாக விரிந்தது. வலது பக்கக் கீழ்மூலையில் மணி தெரிந்தது. ஐந்து ஐம்பது.

நாலு மணிக்கு அவளுக்கு வேலை.

தூக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை. உட்காராமல் நின்றபடியே மருத்துவமனையின் நிரலைத் திறந்து கடவுச்சொல்லைத் தட்டினாள். சிவப்புப் பட்டை ஒன்று வந்தது. அதில் ஏதோ எழுதியிருந்தது, கடைசியில் 'கணக்கு பூட்டப்பட்டது' என்பது மட்டும்தான் அவள் கண்ணில் பட்டது. தாமதமாக வந்ததற்காகப் பூட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். இருட்டு நடைவழியில் தடவிக்கொண்டே போய், சுவரில் இருந்த பழைய தொலைபேசியில் தலைநகர் புவனோஸ் அய்ரெஸுக்கு எண்களை அழுத்தினாள்.

"பிரெண்டா, மன்னிச்சுடும்மா. அசந்து தூங்கிட்டேன். இந்த மாதிரி இனிமே நடக்கவே நடக்காது."

பிரெண்டா அவளுடைய மேற்பார்வையாளர். நேரில் பார்த்ததில்லை, குரலை வைத்துப் பார்த்தால் சுலேமாவின் வயதில் பாதிதான் இருக்கும்.

"சுலேமா, மணி இன்னும் மூணுகூட ஆகலையே. பத்து நிமிஷம் இருக்கு. உங்களுக்கு நாலுக்குத்தானே ஷிப்ட்?"

"மூணா?"

"சாப்பாட்டோட ஒயின் கொஞ்சம் கூடிப்போச்சா?"

"சோடா கலந்துதாம்மா குடிச்சேன்," என்றாள் சுலேமா. சொன்ன பிறகுதான் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"வேலை நாள்லயும் மதியம் படுப்பீங்களா? குடுத்துவெச்சவங்க. இங்க நாங்க ரொட்டியைக் கடிச்சுக்கிட்டே ஓடறோம்." பிரெண்டா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. "உங்க கணக்கு பூட்டிக்கிச்சு போலிருக்கே. உங்க கம்ப்யூட்டர் நேரமும் எங்க நேரமும் ஒத்துப்போகலன்னா அது தானா பூட்டிக்கும். இது ரெண்டாவது தடவை, சுலேமா."

"தெரியும்மா."

"டெக்னிக்கல் ஆளுங்ககிட்டச் சொல்லித் திங்கக்கிழமை திறந்து விடச் சொல்றேன், இன்னிக்கு வெள்ளி ஷிப்டை வேற ஆளு பார்த்துக்கட்டும். ஆனா உங்களுக்கு இன்னும் சோதனைக் காலம் முடியல. மூணாவது தடவையும் இப்படி ஆச்சுன்னா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல. உங்க குரல் எனக்குப் பிடிச்சிருக்கு, நோயாளிங்களுக்கும் பிடிச்சிருக்கு. அந்தக் கடிகாரத்தை மட்டும் சரி பண்ணிடுங்க."

சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டாள். சுவர்க்கடிகாரத்தில் மூன்றடிக்க ஏழு நிமிடம் இருந்தது. திரையில் தெரிந்த மணிக்கும் இதற்கும் சரியாக மூன்று மணி நேர வித்தியாசம். நிமிடங்கள் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தன. முதல் தடவை பூட்டிக்கொண்டபோதும் அப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் உட்காரும்போதே கையால் மணியைத் திருத்திவிடுவாள். மறுநாள் பார்த்தால் அதே மூன்று மணி நேரம் முந்திக்கொண்டு நிற்கும். இன்று தூக்கக் கலக்கத்தில் திருத்த மறந்தாள். திருத்த மறக்கும் நாளில் வேலை போய்விடும் என்றால், அந்த வேலையை வேலை என்றே சொல்ல முடியாது.

அவள் கணவன் அன்செல்மோ கொட்டகையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தான். நடந்ததைக் கேட்டதும் சிரிக்கக் கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டான். முடியவில்லை.

"தூங்கிட்டேன்னு நீயே போன் பண்ணிச் சொன்னியா? வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே?"

"சிரி, சிரி. திங்கக்கிழமைக்கு அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சிரிக்கலாம், வேற வேலை இருக்காது."

அவன் சிரிப்பு நின்றது. அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. ஆற்றுத் துறைமுகத்தில் கப்பல் முகவர் அலுவலகம் மூடியதில் சுலேமாவின் வேலை போயிருந்தது. அதற்கு முன்பே தானியக் கிடங்கில் புதிய எந்திரங்கள் வந்ததில் அன்செல்மோவின் பராமரிப்பு வேலை போயிருந்தது. வீட்டுக்குள் வரும் ஒரே நிச்சயமான சம்பளம், வந்தால், இந்த மருத்துவமனைக்காரர்களிடமிருந்துதான் வர வேண்டும். நோயாளிகள் தலைநகரின் எண்ணை அழைப்பார்கள். அழைப்பு இணையம் வழியாக இந்த மூலையறைக்கு வரும். சுலேமா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எந்த டாக்டருக்கு எந்த நாள் என்று பதிவு செய்வாள். அதற்காகத்தான் இந்தக் கணினியே.

அதை அன்செல்மோதான் கட்டினான். பெட்டி, மூடிப்போன ஒரு கடையின் பின்னறையில் கிடந்தது. ஆள் உயரத்தில் பாதி, இரும்பு. மதர்போர்டையும் நினைவகச் சில்லுகளையும் ஒவ்வொன்றாக வாங்கினான். ஒவ்வொன்றும் வந்த நாளில் சாப்பாட்டு மேசையில் துணி விரித்து வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பான். எல்லாவற்றையும் பொருத்திப் பெட்டியை நிமிர்த்தியபோது அது மேசையையே அடைத்துக்கொண்டது. "வந்து உட்கார்ந்துட்டா பாரு குண்டம்மா," என்றாள் சுலேமா. அந்தப் பெயர் நிலைத்தது.

முதன்முதலில் மின்சாரம் கொடுத்த அன்று விசிறிகள் சுற்றின, விளக்குகள் எரிந்தன. திரையில் மட்டும் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வாக்கியம்: இயங்குதளம் எதுவும் கிடைக்கவில்லை.

"இத்தனை சாமான் வாங்கிப் போட்டும் இல்லைங்குதே?" என்றாள்.

அன்செல்மோவுக்கு இப்படிக் கேள்வி கேட்டால் போதும். நாற்காலியை இழுத்துப் போட்டான். "துறைமுகத்தை நினைச்சுக்கோ. கிரேன் இருக்கு, கிடங்கு இருக்கு, பெல்ட் இருக்கு, படகுத்துறை இருக்கு. ஆனா எந்தக் கப்பல் எப்போ எங்க கட்டணும், எந்தக் கிரேன் யாருக்குன்னு சொல்ற ஆபீஸ் இல்லை. அப்போ என்ன நடக்கும்?"

"ஒண்ணும் நடக்காது. எல்லாரும் மாத்தே டீ உறிஞ்சிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க."

"அதேதான் இங்கயும். அந்த ஆபீஸ்தான் ஆப்பரேட்டிங் சிஸ்டம். இப்போ எந்த ஆபீஸை உள்ள உட்கார வைக்கறதுன்னு நாமதான் முடிவு பண்ணணும்."

முடிவுதான் எளிதாக வரவில்லை. அன்செல்மோவுக்கு, உள்ளே எழுதியிருப்பதை யாரும் திறந்து பார்க்கக்கூடிய லினக்ஸ்தான் வேண்டும். ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு சனிக்கிழமை, கண்டம் முழுக்கப் பல ஊர்களில் நடப்பதுபோல, டியமாந்தேயின் கிளப் கூடத்திலும் ஜனங்கள் தங்கள் கணினிகளைக் கையிலும் சைக்கிளிலும் கொண்டுவந்து வைப்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் இலவசமாக லினக்ஸ் போட்டுக் கொடுப்பார்கள். இரண்டு வருடமாக அன்செல்மோ அங்கே வெறுமனே வேடிக்கை பார்க்கப் போய்க்கொண்டிருந்தான், கையில் கணினி இல்லாமலே. கிடங்கில் கடைசியாக வந்த எந்திரத்தின் மூடியைத் திறக்க அவனுக்கு அனுமதி இல்லை. பழுதானால் வெளிநாட்டு ஆள் வரும்வரை தானியம் முளைத்துக்கொண்டிருக்கும். மூடியைத் திறந்து உள்ளே பார்க்க முடிகிற ஒன்றை வாழ்க்கையில் ஒருமுறையாவது சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் ஆசை. சுலேமாவுக்கு விண்டோஸ் வேண்டும். ஆசை எதுவும் கிடையாது. மருத்துவமனையின் நிரல் அதில் மட்டும்தான் ஓடும், அவ்வளவுதான்.

மூன்று நாள் வீட்டில் தேவைக்கு மேல் பேச்சில்லை. நாலாவது நாள் அன்செல்மோதான் வழி கண்டுபிடித்தான். ஹார்ட் டிஸ்கை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் அவளுடையது, மறுபாதியில் அவனுடையது. பொத்தானை அழுத்தியதும் எது வேண்டும் என்று குண்டம்மா கேட்பாள்.

"பாதின்னா சரிபாதி," என்றாள் சுலேமா. "கட்டில்ல நீ முக்கால்வாசியைப் பிடிச்சுக்கிட்டுப் பாதின்னு சொல்ற மாதிரி இல்ல."

சரிபாதியாகத்தான் பிரித்தான். ஆனால் பட்டியலில் அவன் பெயர் மேலே வந்துவிட்டது. "நான் போடல, அதுவே போட்டுக்கிச்சு," என்று அவன் சொன்னதை அவள் இன்றுவரை நம்பவில்லை.

அதிலிருந்து காலையில் கணினி அவனுடையது, மாலையில் அவளுடையது. காலையில் எழுந்ததும் மாத்தே இலையில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு தன் பக்கத்தைத் திறப்பான். கடலோரக் காவல் படையினர் தினமும் வெளியிடும் பரானா ஆற்றின் நீர்மட்டத்தை எடுத்து, தானே எழுதிய சின்ன நிரலில் போடுவான். அது மலைத்தொடர் மாதிரி ஒரு கோட்டை வரையும். அதை அச்சடித்துக் கிளப்பின் சுவரில் ஒட்டுவான். மீன்பிடிக்கப் போகிறவர்கள் அதன் முன்னால் நின்று வாக்குவாதம் செய்வார்கள். வேலை போன பிறகு யாராவது அவனிடம் வந்து, "அன்செல்மோ, நாளைக்கு ஏறுமா இறங்குமா?" என்று கேட்பது அந்தக் கோட்டினால்தான்.

இப்போது இந்த மூன்று மணி நேரம்.

"பேட்டரியாத்தான் இருக்கும்," என்றான் அன்செல்மோ. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிக் காட்டினான். மதர்போர்டின் ஓரத்தில் சட்டைப் பொத்தான் அளவில் வெள்ளியாய் ஒரு பேட்டரி. "மின்சாரத்தையே பிடுங்கிட்டாலும் மணி ஓடணுமே, அதுக்கு இது. உள்ள ஒரு குட்டிக் கடிகாரம் இருக்கு. இதுதான் அதுக்குச் சோறு போடுது. நாம பொத்தானை அழுத்தினதும் சிஸ்டம் எந்திரிச்சு, இந்தக் கடிகாரத்துக்கிட்ட 'மணி என்ன'ன்னு ஒரு தடவை கேட்டுக்கும். அப்புறம் அதுவா எண்ணிக்கிட்டுப் போகும். இது சோர்ந்துபோனா எல்லாம் போச்சு."

சனிக்கிழமை காலை எழுந்ததும் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்குப் போய்ப் புதிய பேட்டரி வாங்கிவந்து பொருத்தினான். அவள் கையால் மணியைத் திருத்தினாள். அன்று முழுக்க அவன் கிளப்பின் ஒழுகும் கூரை மேல் இருந்ததால் ஆற்றைப் பார்க்க நேரமில்லை. அவள் நாலைந்து முறை கணினியை அணைத்து அணைத்து ஏற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் மணி சரியாக இருந்தது. சாயங்காலம் அவன் வந்ததும் கன்னத்தில் முத்தமிட்டாள். கூரைத் தார் அவள் மூக்கில் ஒட்டியது.

ஞாயிறு மழை. மழைக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தாள்: மாவைப் பிசைந்து, நடுவில் ஓட்டை போட்டு, கொழுப்பில் பொரித்துச் சர்க்கரை தூவினாள். அன்செல்மோ இரண்டு நாள் ஆற்றுக் கணக்கையும் சேர்த்து வரைந்து அச்சடித்துவிட்டுக் கணினியை அணைத்தான். விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கிக்கொண்டே அவள் பொத்தானை அழுத்திக் கீழ் வரியைத் தேர்ந்தெடுத்தாள். சும்மா, பார்ப்பதற்காக.

ஒன்று இருபது. சமையலறைக் கடிகாரத்தில் பத்து இருபது.

"கிழவா," என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "இங்க வா."

அவன் வந்து திரையையும் சமையலறைக் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மறதிக்காரனா இருந்தா நிமிஷத்தையும் மறந்திருப்பான்," என்றாள் அவள். "இது தேதியை மறக்கல, நிமிஷத்தை மறக்கல. மணியை மட்டும், அதுவும் எப்பவும் மூணு. இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. நேத்து நீ உன் பக்கம் போகவே இல்ல. நேத்து சரியா இருந்துச்சு."

"என் பக்கம் மணி சரியாத்தான் காட்டுது. இப்போகூடப் பார்த்தேன்."

"நான் பொய் சொல்றேனா?"

"நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லல. என் பக்கம் எப்பவும் சரியா இருக்குன்னு சொல்றேன். எது சரியாக் காட்டுதோ அது எப்படிக் குற்றவாளி ஆகும்?"

"திருடன் எப்பவும் நல்ல சட்டைதான் போட்டுக்கிட்டு வருவான்."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்துபோய்க் கொட்டகைக் கதவருகில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுலேமா கணினியைத் தொடவில்லை. மணியைத் திருத்தவும் இல்லை. திருத்தித் திருத்தி ஒளித்துவைத்ததில்தான் இது இத்தனை நாள் ஓடியிருக்கிறது என்று தோன்றியது. வாணலியில் கடைசி ரொட்டி கருகும் வாசனை வந்தபோது எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அன்செல்மோ உள்ளே வந்தான். கையில் ஒரு பென் டிரைவ்.

"யோசிச்சுப் பார்த்தேன்," என்றான். "எதுனால ஆகுதுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்க நேரமும் இல்ல, நாளைக்குத் திங்கள். என் பாதியை அழிச்சுடறேன். மொத்தமும் உன்னுதா ஆகிடும். ரெண்டு பேர் இல்லன்னா தகராறும் இல்ல."

"ஆறு?"

"ஆத்தைப் பார்க்க ஆத்தங்கரைக்குப் போனாப் போதும். இறக்கம்தானே."

சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த மாவுத் துகளை நகத்தால் சுரண்டினான். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. நாளை நாலு மணியை நினைத்தாள். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பென் டிரைவிலிருந்து தொடங்க வேண்டுமானால், எந்த இயங்குதளமும் எழுவதற்கு முன்பே குண்டம்மாவைத் தடுத்து நிறுத்தி, எதிலிருந்து எழ வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதற்கென்று மதர்போர்டுக்குச் சொந்தமாக ஒரு பக்கம் உண்டு. விண்டோஸும் கிடையாது, லினக்ஸும் கிடையாது, கணினி கட்டியவன் மட்டும் எட்டிப்பார்க்கும் இடம். அன்செல்மோ ஒரு விசையைப் பலமுறை தட்டினான். சாம்பல் நிறத்தில் அந்தப் பக்கம் வந்தது. மதர்போர்டுப் பலகையின் பெயர், விசிறிகளின் வேகம், வெப்பம். மேல் மூலையில் எளிய எண்களில், நொடி நொடியாக நகர்ந்துகொண்டு, ஒரு கடிகாரம்.

13:41:07. 13:41:08.

அன்செல்மோ கீழே பட்டியலைத் தேடிக்கொண்டிருந்தான். சுலேமா அந்த எண்களையே பார்த்தாள். சமையலறைக் கடிகாரம் பத்து நாற்பத்தொன்று. நீலத் திரையில் 'ஒன்று இருபது' என்று பார்த்தபோது அது வெறும் தப்பான மணியாகத்தான் தெரிந்தது. இப்படி, முற்பகல் பிற்பகல் இல்லாமல், பதிமூன்று என்று நின்றபோது அவளுடைய வலது கை தானாக ஏதோ செய்தது: மடியில் கட்டைவிரல், மூன்று விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு மடக்கியது. முகவர் அலுவலகத்தில் நாள் முழுக்க அந்தக் கை செய்த வேலை அது.

"நில்லு," என்றாள். "தொடாதே."

"என்ன?"

"இது கப்பல் நேரம்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"கப்பல்காரங்க எந்தத் துறைமுகத்துக்கு வந்தாலும் தந்தியில கிரீனிச் நேரம்தான் போடுவாங்க. இன்னிக்கு இங்க, அடுத்த மாசம் ஆப்பிரிக்கா, அதுக்கப்புறம் சீனா. ஊருக்கு ஊர் மணியை மாத்திக்கிட்டு இருந்தா பதிவேட்டுல ஒண்ணும் புரியாது. அதனால உலகம் பூரா ஒரே மணி. நாமதான் மூணு கழிச்சு எடுத்துக்கணும். நான் சேர்ந்த புதுசுல ஒரு தடவை கழிக்க மறந்துட்டேன். கப்பல்ல ஏறி ஆத்துல வழி காட்டற ஒருத்தர், ஜூலைக் குளிர்ல, படகுல மூணு மணி நேரம்... தப்பு, அவரு கப்பல் வந்து மூணு மணி நேரம் கழிச்சுத்தான் படகுலயே ஏறினாரு. என் மேசை வரைக்கும் வந்து என்ன திட்டு திட்டினாரு! அன்னியிலேர்ந்து மூணுன்னா எனக்குக் காதுல அந்த ஆளு குரல்தான் கேட்கும்." திரையைச் சுட்டினாள். "யாரோ இங்க கப்பல் நேரத்தை எழுதி வெக்கறாங்க. என் பக்கம் வந்து அதைக் கழிக்காமப் படிக்குது."

அன்செல்மோ பென் டிரைவை மேசையில் வைத்தான். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. அவனுக்குள் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று கவ்விச் சுழல்வதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதறது நான்தான்," என்றான் கடைசியில். "அதாவது என் பக்கம். லினக்ஸ் இணையத்துல சேர்ந்ததும் முதல் வேலையா அங்க சரியான நேரத்தைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கும். திருத்தினதை இந்தப் பலகைக் கடிகாரத்துலயும் எழுதி வெக்கும். கிரீனிச்சுல எழுதும். திரும்பப் படிக்கறப்போ அதுக்குத் தெரியும், மூணு கழிச்சுக்கும். அதனாலதான் என் பக்கம் எப்பவும் சரி. விண்டோஸ், பலகையில இருக்கறது இந்த ஊர் மணின்னு நினைச்சுக்குது. அதுவும் இணையத்துல கேட்கும், ஆனா வாரத்துக்கு ஒரு தடவையோ என்னவோ. அதுவரைக்கும் நம்பிக்கிட்டே இருக்கும்." ஒரு பொரித்த ரொட்டியை எடுத்தான், கடிக்க மறந்தான். "பேட்டரி நல்லாத்தான் இருந்திருக்கு. ரெண்டுல யாரும் தப்பாச் சொல்லல, சுலேமா. ஒரே முள்ளை ரெண்டு பேரும் வேற வேற ஊர்ல நின்னு பார்த்திருக்காங்க."

"திருடன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்."

"எழுதிக் குடு."

கைபேசியில் தேடினான். இப்போது எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருந்ததால் உடனே கிடைத்தது. இணைய மன்றம் ஒன்றில் பக்கத்து நாடான சிலியைச் சேர்ந்த ஒருவர் இதே கதையை எழுதியிருந்தார். அவர் ஊரில் கோடையில் மூன்றும் குளிரில் நாலுமாக வித்தியாசம் மாறி மாறி வந்ததில் பைத்தியமே பிடித்திருக்கிறது.

"சிலிக்காரனா?" என்றாள் சுலேமா. "நம்பலாமா?"

"கால்பந்துல நம்பக் கூடாது. இதுல நம்பலாம். ரெண்டு வழி சொல்றான். ஒண்ணு, லினக்ஸ்கிட்ட 'இனிமே ஊர் மணியை எழுது'ன்னு சொல்லிடறது. ஒரே கட்டளை. நான் என் பக்கத்தை மாத்திடறேன்."

கணினியைத் தன் பக்கத்துக்கு ஏற்றினான். கட்டளையைத் தட்டுவதற்கு முன் அதைப் பற்றிய விளக்கத்தைத் திறந்தான். எந்த எந்திரத்தையும் அதன் கையேட்டைப் படிக்காமல் அவன் தொட்டதில்லை. அதில் எச்சரிக்கை இருந்தது: இப்படி வைத்துக்கொள்வது முழுமையாக ஆதரிக்கப்படவில்லை, ஊர் நேரம் மாறும் காலங்களில் குழப்பம் வரலாம்.

"பரவாயில்ல," என்றான். "நம்ம ஊர்ல மணி மாறறது இல்லையே."

"முன்னாடி மாத்தினாங்களே, மறந்துட்டியா? கோடைக்கு ஒரு மணி நேரம் தள்ளி வெச்சு, பால் கறக்கறவங்க எல்லாம் தெருவுல நின்னு திட்டினாங்களே. மறுபடி மாத்த மாட்டாங்கன்னு யார் கண்டது?" சுலேமா அவன் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தாள். "கப்பல் யாருக்காகவும் மணியை மாத்திக்காது. கரையில இருக்கறவங்கதான் கழிச்சுக்கணும். ரெண்டாவது வழி என்ன?"

"அது உன் பக்கத்தை மாத்தறது. விண்டோஸோட உள்பதிவேட்டுல ஒரு வரி சேர்க்கணும். ஆனா உன் வேலை அதுல இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா..."

"பயமாத்தான் இருக்கு. தோளைப் பிடிச்சுக்கோ. மவுசைத் தொடாதே."

கீழ் வரி. நீலத் திரை. அவன் கைபேசியைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். அவள் பதிவேட்டில் ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்துகொண்டு போனாள், அலமாரிக்குள் அலமாரி, அதற்குள் டப்பா. கடைசி டப்பாவின் பெயர் நேர மண்டலம். அதில் அந்தச் சிலிக்காரர் சொன்ன பெயரில் புதிய வரி ஒன்றைச் சேர்த்தாள். மதிப்பு என்ன என்று கேட்டது.

"ஒண்ணு," என்றான் அன்செல்மோ.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பூஜ்யம்னா ஊர் மணி. ஒண்ணுன்னா உலக மணி."

ஒன்றைத் தட்டினாள். அணைத்தார்கள். மேல் வரி, அவனுடைய பக்கம்: பதினொன்று பதினைந்து. ஆற்றின் கோட்டை இன்னொரு முறை வரையவிட்டான், வேண்டுமென்றே. அணைத்தார்கள். கீழ் வரி. திரை விரியும்போது அவன் விரல்கள் அவள் தோளில் இறுகின.

பதினொன்று பத்தொன்பது.

சுலேமா சமையலறைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "பத்தொன்பது!" என்று நடைவழியிலிருந்தே கத்தினாள், குழந்தை பிறந்த செய்தி சொல்வதுபோல.

திங்கட்கிழமை அவன் காலையில் ஆற்றை வரைந்தான். மதியம் இருவரும் படுத்தார்கள். கட்டிலில் வழக்கம்போல முக்கால்வாசி அவனுக்கு. அவள் இருட்டில் விழித்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். நாலடிக்கப் பன்னிரண்டு நிமிடம். சமையலறைக்குப் போகவில்லை. கடவுச்சொல்லைத் தட்டினாள். சிவப்புப் பட்டை வரவில்லை. பச்சை நிறத்தில் அவள் பெயர் வந்தது, அதன் பக்கத்தில் காத்திருக்கும் முதல் அழைப்பு துடித்துக்கொண்டிருந்தது. ஹெட்போனைக் காதில் மாட்டும்போது குண்டம்மாவின் பக்கவாட்டுத் தகடு கண்ணில் பட்டது. கிடங்கில் ஒவ்வொரு எந்திரத்தின் மேலும் ஒட்டுவதுபோல, அன்செல்மோ ஒரு வெள்ளை நாடாவை ஒட்டி, கட்டை எழுத்தில் எழுதியிருந்தான்:

பலகையில் ஓடுவது கப்பல் நேரம். விண்டோஸ் பதிவேட்டில் மதிப்பு ஒன்று. இரண்டு பேரும் மூன்றைக் கழித்துக்கொள்வார்கள். கையால் திருத்தாதே.